மோட்டார் நின்றால் அடிபம்பு: ஆட்டக்காரர் சுருண்டு விழும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பல வருஷத்துக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கபடிப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். இரவு ஆட்டம். டியூப்லைட் வெளிச்சம், மைக்கில் ஓயாத வர்ணனை. பாடிப் போன பையன் எதிராளியைத் தொடுவதற்கு முன்பே தடாலென்று விழுந்தான். அடுத்த நொடி வேடிக்கை பார்த்த அத்தனை பேரும் களத்துக்குள் இருந்தார்கள். ஒருத்தர் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். இன்னொருத்தர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். "காத்து வரட்டும், விலகுங்கப்பா!" என்று கத்தியவர்தான் அவன் மூக்குக்கு மிக அருகில் குனிந்து நின்றார்.

இரண்டு நிமிஷத்தில் பையன் எழுந்து உட்கார்ந்து, "என்னண்ணே ஆச்சு?" என்றான். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். வெறும் மயக்கம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மனசிலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுவரை ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டிருந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒன்றாகத்தான் ஓடி வந்தார்கள். ஆனால் அது மயக்கமாக இல்லாமல் இருந்திருந்தால், அவ்வளவு அன்பும் சேர்ந்து அவனை மூச்சுமுட்ட வைத்திருக்கும். இந்த எண்ணம் எனக்கு அன்றைக்கு வரவில்லை. வருஷங்கள் கழித்து, டிவியில் ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்தபோதுதான் வந்தது.

கோபன்ஹேகனில் அந்த மாலை

2021 ஜூன் 12. கொரோனா ஊரடங்கில் மதுரைத் தெருக்கள் அடங்கிக் கிடந்த நேரம். முந்தைய வருஷம் நடந்திருக்க வேண்டிய யூரோ கோப்பை அப்போது நடந்துகொண்டிருந்தது. டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடின. நம்மூர் நேரம் இரவு பத்தேகால் இருக்கும், அங்கே மாலைதான். முதல் பாதி முடியப் போகிற சமயத்தில், எல்லைக்கோட்டுப் பக்கமிருந்து வந்த பந்தை வாங்கப் போன டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் அப்படியே முகங்குப்புற விழுந்தார். யாரும் இடிக்கவில்லை. கால் இடறவும் இல்லை. வயது 29.

நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவைக் கூப்பிட்டார். டென்மார்க் கேப்டன் சிமோன் கியேர் ஓடிப்போய் அவரைப் பார்த்தார். முதலில் மூச்சும் நாடியும் இருந்ததாகவும், சற்று நேரத்தில் அது மாறிப்போனதாகவும் அணியின் மருத்துவர் மார்ட்டன் போசன் பின்னால் சொன்னார். நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். ஒருமுறை மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். எரிக்சன் திரும்பி வந்தார்.

இதற்கிடையில் சக வீரர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். பலர் அவருக்கு முதுகைக் காட்டி, அரங்கத்தைப் பார்த்து நின்றார்கள். பின்லாந்து ரசிகர்கள் கொடுத்த கொடிகளைத் திரைபோலப் பிடித்து அவரை வெளியே கொண்டுபோனார்கள். அப்புறம் அரங்கத்தில் ஒரு சத்தம் எழுந்தது. பின்லாந்து ரசிகர்கள் "கிறிஸ்டியன்!" என்று குரல் கொடுக்க, டென்மார்க் ரசிகர்கள் "எரிக்சன்!" என்று பதில் கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப.

மறுநாள் காலை என் அக்கா மகன் போனில் கேட்ட முதல் கேள்வி: "ஏன் மாமா, இருபத்தொம்பது வயசுல ஹார்ட் அட்டாக்கா?" நானும் "ஆமாடா, பாவம்" என்றேன். இரண்டு பேரும் தப்பு. அது ஹார்ட் அட்டாக் இல்லை.

பைப் அடைப்பும் மோட்டார் கோளாறும்

நம் பேச்சில் நெஞ்சைப் பிடித்தாலும் அட்டாக், சுருண்டு விழுந்தாலும் அட்டாக். இவை இரண்டு வேறு சங்கதிகள். வீட்டு மோட்டாரை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

கீழே தண்ணீர்த் தொட்டி, மேலே மாடித் தொட்டி, நடுவில் மோட்டார். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. காரணம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, பைப்பில் எங்கோ அடைப்பு. மோட்டார் ஓடுகிறது, ஒரு கிளைக்கு மட்டும் தண்ணீர் போகவில்லை. இன்னொன்று, கரண்ட் பக்கம் கோளாறு. மோட்டாரே ஓடவில்லை, எங்கேயும் தண்ணீர் போகவில்லை. முதல் கோளாறுக்குப் பிளம்பர், இரண்டாவதுக்கு எலக்ட்ரீஷியன்.

இதயத்திலும் அப்படித்தான். இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் ஒன்று அடைத்துக்கொண்டால், அந்தப் பகுதித் தசை ரத்தமில்லாமல் சாகத் தொடங்குகிறது. இதுதான் மாரடைப்பு, அதாவது ஹார்ட் அட்டாக். சொல்லிலேயே 'அடைப்பு' இருக்கிறது. தமிழ்ச்சொல் இங்கே ஆங்கிலச் சொல்லைவிடத் தெளிவு. மாரடைப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும். நெஞ்சு கனக்கும், வியர்க்கும், இடது கை வலிக்கும். "கேஸ் டிரபிள்தான்" என்று சொல்லி ஓமத்திரவம் கேட்பார். இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கிறது.

கரண்ட் பக்கக் கோளாறால் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதையே நிறுத்திவிட்டால் அது இதய முடக்கம். மருத்துவர்கள் கார்டியாக் அரெஸ்ட் என்பார்கள். ரத்த ஓட்டம் நின்ற சில நொடிகளில் மூளை மங்கி ஆள் விழுந்துவிடுகிறார். வலிக்கிறது என்று சொல்லக்கூட நேரம் கிடைக்காது. எரிக்சனுக்கு நடந்தது இதுதான்.

இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய மாரடைப்பு ஒன்று கரண்டையும் குலைத்து, இதய முடக்கத்தில் கொண்டுபோய் விடலாம். வயதானவர்களுக்கு அப்படித்தான் அதிகம் நடக்கிறது. இளம் ஆட்டக்காரர்களுக்குக் குழாய் அடைக்காமலே கரண்ட் குலையும்.

சுருக்கமாக: நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவருக்கு மாரடைப்பு இருக்கலாம். கூப்பிட்டாலும் அசையாமல், சரியாக மூச்சும் விடாமல் கிடப்பவருக்கு இதய முடக்கம்.

தேர் ஏன் நகரவில்லை?

'இதயம் நின்றுவிட்டது' என்றால் கடிகாரம் நின்றதுபோலச் சலனமில்லாமல் கிடக்கிறது என்று நினைப்போம். பல சமயம் அப்படி இல்லை.

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வடத்தில் நூற்றுக்கணக்கான கைகள். ஒரு குரல் எழும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள், தேர் அசையும். அந்தக் குரல் இல்லாமல் அவரவர் தோன்றியபோது இழுத்தால்? எல்லோருக்கும் வியர்க்கும், எல்லோர் கையும் காய்த்துப்போகும், தேர் மட்டும் அசையாது.

இதயத் தசை கோடிக்கணக்கான செல்களால் ஆனது. வலது மேலறையில் உள்ள ஒரு சிறிய தசைத்திட்டு நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை குரல் கொடுக்கிறது. அந்த மின்சமிக்ஞை பரவ, செல்கள் எல்லாம் ஒன்றாகச் சுருங்குகின்றன. ரத்தம் பீறிட்டு வெளியேறுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை.

இந்த ஒழுங்கு குலைந்து, கீழறைத் தசைச் செல்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுக்கத் தொடங்குவதுதான் ஃபிப்ரிலேஷன். தமிழில் நடுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது இதயத்தைத் திறந்து பார்த்தால் புழுக்கள் நெளிவதுபோல இருக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வேலை நடக்கிறது, ரத்தம் நகரவில்லை.

சரி, அந்த மின்அதிர்ச்சி என்ன செய்கிறது? இங்கேதான் சினிமா நமக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. திரையில் கோடு நேராகப் போகும், டாக்டர் இரண்டு இஸ்திரிப்பெட்டிகளைத் தேய்த்து நெஞ்சில் வைப்பார், ஆள் துள்ளுவார், கோடு மறுபடி துடிக்கும். உண்மையில் கோடு நேராகப் போனால் அதிர்ச்சி கொடுக்க மாட்டார்கள். கொடுத்தும் பயன் இல்லை. நடுங்குகிற இதயத்துக்குத்தான் அதிர்ச்சி. தாறுமாறாக இழுக்கிறவர்களைப் பார்த்து, "எல்லோரும் வடத்தை விடுங்க!" என்று ஒரு அதட்டல். ஒரு கணம் எல்லாம் அடங்கும். அந்த அமைதியில் பழைய குரல் மறுபடி எழும். எழுந்தால் தேர் நகரும். இந்த அதட்டலைக் கொடுக்கும் கருவிக்கு டிஃபிப்ரிலேட்டர் என்று பெயர்.

பொது இடங்களில் சுவரில் மாட்டி வைக்கும் சின்னப் பெட்டி வகைக்கு ஏ.இ.டி. என்பார்கள். அதைத் திறந்தால் அதுவே பேசும். இரண்டு ஒட்டுப்பட்டைகளை வெறும் நெஞ்சில் ஒட்டினால் இதயம் நடுங்குகிறதா என்று அதுவே பார்க்கும். நடுங்கினால்தான் அதிர்ச்சி தரும். தெரியாத ஆள் தெரியாமல் யாருக்காவது ஷாக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம் வேண்டாம். ஒட்டுவதற்கு முன் நெஞ்சில் வியர்வை இருந்தால் துடைத்துவிடுங்கள். நம்மூர் வெயிலில் ஆடுகிறவர் நெஞ்சு எப்போதும் ஈரம்தான்.

பெட்டி வரும்வரை

மூளைக்கு ரத்தம் நின்றால் நாலைந்து நிமிஷத்தில் செல்கள் சாகத் தொடங்கும். யாரும் எதுவும் செய்யாமல் ஒவ்வொரு நிமிஷம் கழியும்போதும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மாலை ஆறு மணிக்குக் கோரிப்பாளையம் சந்திப்பைத் தாண்டி எந்த வண்டி நாலு நிமிஷத்தில் வந்துவிடும்? அதற்குள் நடப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளிக்குத்தான் சி.பி.ஆர். என்கிற நெஞ்சழுத்தம்.

மோட்டார் ஓடாத நாளில் என்ன செய்வோம்? தெருமுனை அடிபம்புக்குப் போவோம். நெஞ்சழுத்தம் அந்த அடிபம்புதான். அது மோட்டாரைச் சரிசெய்யாது. தண்ணீர் மட்டும் கொண்டுவரும். அதுவும் இதயம் தானாகத் தள்ளுவதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மூளை தாக்குப்பிடிக்க அது போதும்.

அடிபம்பில் தண்ணீர் அடித்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். முதல் சில அடிக்குத் தண்ணீர் வராது, வெறும் காற்றுதான் வரும். பிறகு பிடித்துக்கொண்டு கொட்டும். நடுவில் கையை எடுத்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. நெஞ்சழுத்தத்திலும் அப்படியே. தொடர்ந்து அழுத்தினால்தான் உள்ளே அழுத்தம் ஏறி இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தம் போகும். "எழுந்துட்டாரா?" என்று நாலு அழுத்தத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் பம்பு இறங்கிவிடுகிறது.

இந்த அடிபம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். 2012 மார்ச் 17, லண்டன். டாட்டனம் அணிக்கு எதிராக போல்ட்டன் அணிக்காக ஆடிய ஃபேப்ரிஸ் முவாம்பா முதல் பாதியிலேயே விழுந்தார். வயது 23. பார்வையாளர் வரிசையில் டாட்டனம் ரசிகராக உட்கார்ந்திருந்த ஆண்ட்ரூ டீனர் என்ற இதய மருத்துவர், தடுத்த காவலர்களைக் கெஞ்சி மைதானத்துக்குள் ஓடினார். முவாம்பாவின் இதயம் 78 நிமிஷம் தானாகத் துடிக்கவில்லை. பதினைந்து முறை அதிர்ச்சி கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் கைகள் மாறி மாறி அழுத்திக்கொண்டே இருந்தன. மனிதர் பிழைத்தார். மறுபடி ஆட முடியவில்லை. ஆனால் நடக்கிறார், பேசுகிறார், பிள்ளைகளை வளர்க்கிறார். அன்று அவர் களத்தில் கிடந்தபோது இரண்டு அணி ரசிகர்களும் சேர்ந்து அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எப்படி அழுத்துவது? ஆளைத் தரையில் மல்லாக்கப் போடுங்கள். கட்டில், மெத்தை வேண்டாம். நெஞ்சின் நடு எலும்பில், அதன் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அதன்மேல் அடுத்த கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்காமல் உடம்புப் பாரத்தால் 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்க அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுசாக மேலே வரவிட வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120. விலா எலும்பு முறியலாம். முறிந்த எலும்பு கூடிவிடும்.

வாயோடு வாய் வைத்து ஊதப் பலருக்குத் தயக்கம். பெரியவர் ஒருவர் திடீரென்று விழுந்த இடத்தில், பயிற்சி இல்லாதவர் அழுத்துவது மட்டும் செய்தாலே போதும். தண்ணீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் ஊத வேண்டும். அதை முறையான பயிற்சியில் கற்றுக்கொள்வது நல்லது.

இதுவரை: அழுத்தம் நேரத்தை வாங்கித் தருகிறது, அதிர்ச்சி ஒழுங்கைத் திருப்பித் தருகிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பாதிக் கிணறுதான்.

சாவிக்கொத்து, சோடா, நாக்கு

ரத்த ஓட்டம் நின்ற முதல் நிமிஷத்தில் கைகால் வெட்டி இழுக்கலாம். பார்ப்பவர்களுக்கு அது வலிப்புபோலத் தெரியும். உடனே இரும்பு தேடுவோம். வலிப்புக்கே இரும்பு ஒன்றும் செய்யாது. தானாக அடங்குகிற நேரத்தில் சாவி கையில் இருக்கும், அதனால் பெயர் அதற்குப் போகிறது. இதய முடக்கத்தில் சாவி தேடுகிற நேரம் நஷ்டக் கணக்கில் சேரும்.

இன்னொரு ஏமாற்று: சிலர் மீன் கரையில் போட்டதுபோல எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து 'ஹக்' என்று இழுப்பார்கள். "மூச்சு இருக்குப்பா" என்று கூட்டம் ஆறுதலடையும். அது மூச்சே இல்லை. சாகப்போகும் மூளைத்தண்டின் கடைசி இழுப்பு. கண் திறந்திருந்தாலும் ஏமாறக்கூடாது. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் தொடங்கிவிட வேண்டியதுதான். நாடி பார்க்கிறேன் என்று மணிக்கட்டைப் பிடித்து உட்கார வேண்டாம். பதற்றத்தில் நம் விரலின் நாடியே நமக்குத் தெரியும். அவர் வெறும் மயக்கத்தில் இருந்தால் நாலு அழுத்தத்திலேயே நம் கையைத் தட்டிவிடுவார்.

சோடா, தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நினைவில்லாதவருக்கு அது மூச்சுக்குழலுக்குள் போகும்.

எரிக்சன் விஷயத்தில் 'நாக்கை விழுங்கவிடாமல் கேப்டன் காப்பாற்றினார்' என்று எழுதினார்கள். கியேர் செய்தது பெரிய காரியம்தான், ஆனால் நாக்கை யாரும் விழுங்குவதில்லை. நினைவிழந்து மல்லாந்து கிடந்தால் தளர்ந்த நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை மறைக்கும். நெற்றியைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்கினால் வழி திறக்கும். ஸ்பூன், விரல் எதையும் உள்ளே விடக்கூடாது.

உடம்பை இரும்பாக வைத்திருப்பவர்களுக்கு ஏன்?

எரிக்சன் விழுந்த அடுத்த நாளே வாட்ஸப்பில் பரவிய செய்தி, தடுப்பூசிதான் காரணம் என்பது. அப்போது அவர் ஆடிய இன்டர் மிலான் கிளப்பின் இயக்குநர், அவருக்குக் கொரோனாவும் வரவில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்று தெளிவாகச் சொன்னார். அந்த மறுப்பு வதந்தி போன வேகத்தில் போகவில்லை.

இளம் ஆட்டக்காரர்களில் முக்கியமான காரணங்களில் ஒன்று, பிறவியிலேயே மரபணு வழியாக வரும் இதயத் தசைத் தடிப்பு. கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தபோது, பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது இதுதான். வேறு சிலருக்குத் தசை நன்றாக இருக்கும், உள்ளே 'வயரிங்' பிறவியிலேயே பிசகாக இருக்கும். சிலருக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயத் தசையில் அழற்சி. காய்ச்சலோடு கிரவுண்டுக்குப் போகாதே என்று அம்மா சொல்வதில் நியாயம் உண்டு.

இத்தாலியில் 1982 முதல் போட்டிகளில் ஆடுபவர்களுக்கு இ.சி.ஜி. உட்பட்ட பரிசோதனை கட்டாயம். அது பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் அந்த நாட்டுக் கிளப்பில் ஆடிய எரிக்சனிடம் முன்பு எந்தக் கோளாறும் தெரியவில்லை. சோதனை ஒரு சல்லடை. எல்லாக் கல்லும் அதில் நிற்காது. அதனால்தான் பெட்டியும் கைகளும் தேவைப்படுகின்றன.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 5, பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டி. கோவாவின் டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர், மோகன் பகானுக்கு எதிராகத் தன் இரண்டாவது கோலை அடிக்கும்போது எதிரணி கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். எழவில்லை. அவரை நினைத்து ரசிகர்கள் அழுதார்கள். நம் ரசிகர்களின் அன்பில் குறை சொல்ல முடியாது. அந்த அன்போடு களத்தின் ஓரத்தில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

கூட்டம் என்ன செய்தது, என்ன செய்யவில்லை

கோபன்ஹேகனுக்குத் திரும்புவோம். அந்த ரசிகர்களின் ஒற்றுமையை உலகமே பாராட்டியது. பாராட்டியவர்கள் அதிகம் பேசியது அந்தக் கோஷத்தைப் பற்றி. நான் கவனித்தது வேறு. ஆயிரக்கணக்கான ரசிகர்களில் ஒருவரும் களத்துக்குள் இறங்கவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் நாங்கள் எல்லோரும் இறங்கினோம். எங்களுக்கு அன்பு என்றால் அருகே போவது. அங்கே தள்ளி நிற்பதுதான் அன்பாக இருந்தது. அதனால் வைத்தியம் பார்க்க இடம் கிடைத்தது. வீரர்களின் வட்டமும் பின்லாந்துக் கொடிகளும் கேமராக் கண்ணிலிருந்து ஒரு மனிதனை மறைத்தன. அழுகிற அவர் துணைவியைக்கூட ஒளிபரப்பு விட்டுவைக்காத அந்த மாலையில் அது சின்ன உதவி இல்லை. கோஷத்தால் இதயம் துடிக்கவில்லை. எரிக்சன் கண் விழித்துவிட்டார் என்று தெரியும்வரை உறைந்து கிடந்த அரங்கத்துக்கும், கைநடுங்க நின்ற வீரர்களுக்கும் அது தெம்பு கொடுத்திருக்கும். பிறகு ஆட்டம் தொடர்ந்தது. பின்லாந்தின் போயான்பாலோ கோல் அடித்தார், கொண்டாடவில்லை. 1–0.

ஐந்து நாள் கழித்து அதே மைதானத்தில் பெல்ஜியம் ஆட வந்தது. எரிக்சன் அங்கிருந்து கூப்பிடு தூரத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் சட்டை எண் 10. பத்தாவது நிமிஷத்தில் பந்தை வெளியே தட்டிவிட்டு, இரண்டு அணிகளும் அரங்கமும் ஒரு நிமிஷம் கைதட்டின. அந்தச் சத்தம் அவர் படுக்கை வரைக்கும் கேட்டிருக்கலாம்.

அவருக்கு நெஞ்சுத் தோலுக்கடியில் ஐ.சி.டி. என்ற சின்னக் கருவி வைத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சதா இதயத்தைக் கவனித்து, நடுக்கம் வந்தால் உள்ளிருந்தே அதட்டும். இத்தாலி விதிகளின்படி அதோடு அங்கே ஆட முடியாது, ஒப்பந்தம் முறிந்தது. 2022 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்ட் அணிக்காகக் களமிறங்கியபோது எதிரணி ரசிகர்களும் எழுந்து நின்றார்கள். அடுத்த மாதம் டென்மார்க்குக்காக இறங்கிய இரண்டே நிமிஷத்தில் கோல். 2024 யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக இன்னொன்று. விழுந்து 1,100 நாள் ஆகியிருந்தது.

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த சம்பவம் 2021 அக்டோபரில் நியூகாசில் நகரில் நடந்தது. அங்கே விழுந்தது வீரர் இல்லை, ரசிகர். பக்கத்தில் இருந்தவர்கள் கையை ஆட்டிக் களத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். டாட்டனம் வீரர் ரெகிலோன் ஓடிப்போய் நடுவரிடம் சொன்னார். இன்னொரு வீரர் எரிக் டயர் ஓரத்தில் இருந்த மருத்துவக் குழுவைப் பார்த்து அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். ஆட்டம் நின்றது. கூட்டத்தில் இருந்த ஒரு டாக்டர் அதற்குள் அழுத்தத் தொடங்கியிருந்தார். ரசிகர் பிழைத்தார். எரிக்சன் விழுந்து நாலே மாதம். பெட்டியின் பெயர் எல்லோர் வாயிலும் வந்திருந்தது.

நம்மூர்க் கூட்டத்துக்கு

கூட்டம் என்றால் மதுரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில், மூச்சுவிட இடமில்லாத நெரிசலில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் கைவசம் இருக்கிறது. கபடிக் களத்துக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மைதானத்துக்கும் அதைக் கொண்டுபோனால் போதும்.

ஒருத்தர் அழுத்தட்டும். ஒருத்தர் 108க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கட்டும். ஒருத்தர் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு முனையில் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும். நம் சந்துகளை எந்த மேப்பாலும் சரியாகக் காட்ட முடியாது. கேட்டை மறித்து நிறுத்திய வண்டிகளை இரண்டு பேர் நகர்த்தட்டும். கைவசம் பெட்டி உள்ள ஆஸ்பத்திரியோ அலுவலகமோ பக்கத்தில் இருந்தால் ஒருத்தர் ஓடட்டும். மைக் பிடித்திருப்பவர் வர்ணனையை நிறுத்திவிட்டு, "இங்கே டாக்டர், நர்ஸ் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கட்டும். மற்ற எல்லோரும் கோட்டுக்கு வெளியே.

போன மாதம் எங்கள் வீட்டுப் பக்கத்து மைதானத்தில் கால்பந்து ஆடும் பையன்களை உட்கார வைத்து, ஒரு சாக்கில் பழைய துணியை அடைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். முதலில் ஒரே சிரிப்பு. என் அக்கா மகன் வீராப்பாக ஆரம்பித்தான். சுற்றி நின்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். ஐம்பதில் சிரிப்பு நின்றது. நூற்றுப் பத்தில் அவன் முழங்கை மடங்கியது. முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, சட்டை நனைந்துவிட்டது. எண்ணிக்கை நிற்பதற்குள் அடுத்தவன் கையை வைத்துவிட்டான், அப்புறம் அவனுக்கடுத்தவன்.

நாலாவது ஆள் திணறிக்கொண்டே நிமிர்ந்து, "நிறுத்தலாமாண்ணே?" என்றான்.

"வண்டி வந்துருச்சாடா?" என்றான் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தவன்.

"இல்ல."

"அப்ப தள்ளு, நான் அமுக்குறேன்."